ஓபி வாசலில் அந்த அம்மா கேட்ட கேள்வி

"சம்பளம் பத்தலையா டாக்டர் சார், அதுக்கா எங்களை அலைய விடறீங்க?" 2019 அக்டோபர் கடைசியில் தமிழ்நாடு அரசு டாக்டர்கள் நாங்கள் நடத்திய ஸ்ட்ரைக்கில், மருத்துவமனை ஓபி (வெளிநோயாளிகள் பிரிவு) வாசலில் உட்கார்ந்திருந்தபோது, சர்க்கரை மாத்திரைக்காக வந்த ஒரு அம்மா என்னிடம் கேட்டது. "கொஞ்சம் பொறுத்துக்கோங்கம்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

சம்பளமும் ஒரு காரணம்தான், மறைக்க ஒன்றுமில்லை. அரசு டாக்டர்களின் சம்பளம் பற்றி 2009-ல் வந்த அரசாணை 354-ஐ வைத்துக் காலமுறை ஊதிய உயர்வு கேட்டோம். மேற்படிப்பில் அரசு டாக்டர்களுக்கு இருந்து பறிபோன 50 சதவீத ஒதுக்கீட்டையும் கேட்டோம் (அதைக் கொடுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது). ஆனால் அந்த அம்மாவிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது இன்னொரு கோரிக்கையை: எத்தனை டாக்டர் வேண்டும் என்பதை, வருகிற நோயாளிகளை எண்ணி முடிவு செய்யுங்கள்.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பணியிடங்களுக்கு அளவுகோலாக இருந்தது அப்போதைய இந்திய மருத்துவக் கவுன்சில் விதி. எத்தனை மாணவர், எத்தனை படுக்கை என்று பார்த்து, ஒரு கல்லூரி நடத்தக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும் என்று சொல்கிற விதி அது, ஓபி கூட்டத்தை மனதில் வைத்துப் போட்டதல்ல. காலை 8 மணிக்கு உட்கார்ந்து 12 மணிக்குள் நான் 120 பேரைப் பார்த்த நாட்கள் உண்டு. ஆளுக்கு 2 நிமிஷம். அதற்குள் சீட்டைப் படித்து, பிரஷர் பார்த்து, மாத்திரை எழுதி முடித்தால் "செருப்பைக் கழற்றுங்க, காலைப் பார்க்கணும்" என்று சொல்ல எங்கே நேரம்? சர்க்கரை நோயாளியின் காலைப் பார்க்காமல் விட்டால், சில மாதம் கழித்து அவர் விரலை எடுக்கிற நிலையில் வந்து நிற்பார். அப்போது அது டாக்டரின் அலட்சியம் என்றுதான் வெளியே தெரியும்.

அரசு என்ன செய்தது? வேலைக்குத் திரும்பாவிட்டால் சர்வீஸ் பிரேக், அதாவது பணித் தொடர்ச்சி அறுந்துவிடும் என்றது. நவம்பர் 1-ம் தேதி போராட்டத்தை நிறுத்தினோம். அப்புறமும் பலரைத் தூர ஊர்களுக்குத் தூக்கி அடித்தார்கள், அந்த மாற்றல்களை 2020-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. டாக்டர் பத்தாத ஓபி-யில் இருக்கிற டாக்டரையும் மாற்றிவிட்டால் யாருக்கு நஷ்டம் சொல்லுங்கள்.

சரி, உங்களிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். ஆள் போதவில்லை என்று தெரிந்தால் டூட்டியில் இருப்பவரிடம் சத்தம் போட்டுவிட்டுப் போய்விடாமல், எந்தப் பிரிவு, எத்தனை மணி நேரம் காத்திருந்தீர்கள் என்று டீனுக்கோ ஆர்.எம்.ஓ.வுக்கோ (நிலைய மருத்துவ அலுவலர்) எழுதிக் கொடுங்கள், அரசு மருத்துவ உதவி எண் 104-க்கும் போன் செய்து சொல்லுங்கள். நாங்கள் எழுதினால் சங்கத்துக்காரர்கள் பேச்சு என்று ஒதுக்குகிறார்கள். அப்புறம், ஸ்ட்ரைக் என்று டிவியில் பார்த்துவிட்டு நெஞ்சுவலியோடோ பிரசவ வலியோடோ வீட்டில் இருந்துவிடாதீர்கள், 2019-லும் அவசர சிகிச்சையை நாங்கள் நிறுத்தவில்லை.