துருத்தி: உலைக்களத்தில் மட்டும் இல்லை

துருத்தி என்றதும் கொல்லன் உலையில் காற்று ஊதும் தோல்பைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். இன்னொரு பொருளும் உண்டு: ஆற்றின் நடுவே மேடிட்டு நிற்கும் நிலம். 'பையிலிருந்து குடைக்காம்பு துருத்திக்கொண்டு நிற்கிறது' என்கிறோமே, அந்தத் 'துருத்து'தான் இதற்கும் அடி என்று எனக்குப் படுகிறது. மலையாளத்தில் இன்றும் சின்னத் தீவுக்குத் துருத்து என்றுதான் பெயர்.

மயிலாடுதுறைப் பக்கம் உள்ள குத்தாலத்தின் பழைய பெயர் திருத்துருத்தி. (அருவி கொட்டுகிற குற்றாலம் வேறு.) இன்று அது காவிரியின் தென்கரை ஊர், தீவு என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் 7-ஆம் நூற்றாண்டில் அங்கே பாடிய அப்பர் 'பொன்னியின் நடுவு தன்னுள்' தோன்றும் துருத்தி என்கிறார். பொன்னி காவிரிதான். கரையில் என்று சொல்லவில்லை, நடுவில் என்கிறார். வீங்குநீர்த் துருத்தி என்றும் இந்த ஊருக்கு ஒரு பெயர் உண்டு. வீங்குநீர் என்றால் பெருகி வரும் வெள்ளம்.

அப்புறம் என்ன ஆயிற்று? ஆற்றின் இரு கிளைகளும் எப்போதும் ஒரே அளவில் ஓடுவதில்லை. ஒன்றில் தண்ணீர் குறைந்தால் வேகம் தளரும், வண்டல் படியும். அதில் நாணல் முளைத்து மேலும் வண்டலைப் பிடித்து வைக்கும். கிளை வாய்க்காலாகச் சுருங்கி, கடைசியில் தூர்ந்தே போகும். திருத்துருத்திக்குத் தெற்கே ஓடிய கிளையும் இப்படித்தான் போயிருக்க வேண்டும். மனிதர்களே தூர்த்ததும் உண்டு: பாரிஸில் சேன் ஆற்றிலிருந்த லூவியே தீவு, விறகும் மரமும் அடுக்கி வைக்கிற இடம், 1840-களில் வலக்கரையோடு சேர்க்கப்பட்டது. அன்று தண்ணீர் ஓடிய தடத்தில் இன்று மோர்லான் சாலை போகிறது.

சரி, 'ரிவர் ஐலண்ட்' என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது? 'நதித்தீவு' என்று எழுதுகிறார்கள். தவறில்லை, ஆனால் நதி, தீவு இரண்டுமே வடமொழி வழி வந்தவை. கையிலேயே ஆற்றிடைக்குறை இருக்கிறது. இதில் குறை என்பது குற்றமில்லை, வெட்டிய துண்டு. ஆறு நிலத்தில் வெட்டி எடுத்த துண்டு. அரங்கம் என்பதற்கும் இந்தப் பொருள் உண்டு, திருவரங்கம் அப்படி வந்ததுதான். அதே ஊரைச் சிலப்பதிகாரம் 'வியன்பெருந் துருத்தி' என்கிறது. அங்கே காவிரியும் கொள்ளிடமும் இன்னும் இருபுறமும் ஓடுவதால் பெயரும் பொருளும் பிரியவில்லை.

பாடநூல் நடைக்கு ஆற்றிடைக்குறை, தலைப்புக்கும் பேச்சுக்கும் துருத்தி: என் தேர்வு இதுதான். குத்தாலம் மாதிரி நிலத்தோடு ஒட்டிவிட்டதை 'கரைசேர்ந்த துருத்தி' என்று எழுதிப் பார்த்தேன், பொருந்தி வருகிறது.