ரூபின் தொலைநோக்கியின் படங்களில் விழும் செயற்கைக்கோள் கோடுகள்

சிலி நாட்டின் செர்ரோ பச்சோன் மலையில், 2,600 மீட்டருக்கும் மேலான உயரத்தில் நிற்கிறது வேரா ரூபின் ஆய்வகம். அதன் கண்ணாடி 8.4 மீட்டர் விட்டம். கேமரா 3,200 மெகாபிக்சல். ஒரு படத்தில் ஏறத்தாழ 9.6 சதுரப் பாகை வானம், அதாவது சுமார் 45 முழுநிலவுகளின் பரப்பு, அடங்கிவிடும். ஒவ்வொரு படத்துக்கும் 30 விநாடி எக்ஸ்போஷர். சில இரவுகளுக்கு ஒருமுறை தென்வானம் முழுவதையும் சுற்றி எடுத்து, பத்தாண்டு இப்படியே தொடர்வது திட்டம். முதல் படங்கள் 2025 ஜூனில் வெளியாயின.

அகலமான பார்வையும் ஆழமான பார்வையும் சேர்ந்திருப்பதுதான் இதன் பலம். செயற்கைக்கோள் விஷயத்தில் அந்த இரண்டுமே பலவீனமாகிவிடுகின்றன. அகலம் கூடினால் ஒரு படத்துக்குள் செயற்கைக்கோள் (இனி சுருக்கமாகக் கோள்) குறுக்கிடும் வாய்ப்பு கூடும். கண்ணாடி பெரிதானால் மங்கலான கோள்கூட பளிச்சென்று பதியும். ஸ்பேஸ்எக்ஸின் இணையச் சேவையான ஸ்டார்லிங்க்கின் முதல் 60 கோள்கள் 2019 மே மாதம் ஏவப்பட்டபோது உலகம் முழுவதும் இயங்கிக்கொண்டிருந்த செயற்கைக்கோள்கள் எல்லாம் சேர்த்தே சுமார் 2,000தான். 2025 அக்டோபருக்குள் ஸ்டார்லிங்க் மட்டும் ஏவிய எண்ணிக்கை 10,000ஐத் தாண்டிவிட்டது.

முதலில், எந்த நேரத்தில் தொல்லை என்பதைப் பார்ப்போம். செயற்கைக்கோளுக்குச் சொந்த ஒளி இல்லை. அதன்மேல் வெயில் பட்டால்தான் தெரியும். தரையில் இருட்டிய பிறகும் மேலே வெயில் இருக்கும். 550 கி.மீ. உயரக் கோள் நம் தலைக்கு நேர் மேலே பூமியின் நிழலுக்குள் போக, சூரியன் அடிவானத்துக்கு 23 பாகை கீழே இறங்கியிருக்க வேண்டும். வானியலாளர் முழு இருட்டு என்று எடுத்துக்கொள்வது 18 பாகையை. எனவே முழு இருட்டான பிறகும் சிறிது நேரம் தலைக்கு மேலே கோள்கள் ஒளிர்கின்றன; சூரியன் மறைந்த திசையில், தாழ்வான வானத்தில், இன்னும் அதிக நேரம். விடியலுக்கு முன்பும் இதே கதை. 1,200 கி.மீ. உயரத்தில் சுற்றும், ஒன்வெப் என்ற இன்னொரு இணையச் சேவையின் கோள்களுக்கு இந்தக் கோணம் ஏறத்தாழ 33 பாகை. கோடையின் உச்சத்தில் செர்ரோ பச்சோனில் நள்ளிரவிலும் சூரியன் சுமார் 36 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. அந்த உயரக் கோள்கள் அங்கே கோடை இரவு முழுவதும் வானத்தின் ஏதாவது ஒரு பக்கத்தில் வெயிலில்தான் இருக்கின்றன.

படத்துக்குள் வந்தால் என்ன ஆகும்? 550 கி.மீ. உயரக் கோளின் வேகம் விநாடிக்கு சுமார் 7.6 கி.மீ. தலைக்கு மேலே போகும்போது விநாடிக்கு ஏறத்தாழ 0.8 பாகை நகரும். ரூபின் கேமராவின் 3.5 பாகை அகலத்தை நாலைந்து விநாடியில் கடந்துவிடும். ஒரு நட்சத்திரத்தின் பிம்பம் எவ்வளவு இடம் பிடிக்குமோ (சுமார் 0.7 விகலை, ஒரு விகலை என்பது பாகையில் 3,600இல் ஒரு பங்கு) அந்த இடத்தில் கோள் தங்குவது விநாடியில் நாலாயிரத்தில் ஒரு பங்குதான். நட்சத்திரமோ அதே இடத்தில் 30 விநாடியும் நிற்கிறது. இந்த விகிதத்தைக் கணக்கிட்டால், 7 மாக்னிட்யூட் கோள் வரைந்த கோட்டின் ஒவ்வொரு புள்ளியும் 20 மாக்னிட்யூட் நட்சத்திரத்தை ஒட்டி வரும். மாக்னிட்யூட் என்பது பிரகாசத்தின் அளவுகோல்; எண் கூடக்கூட மங்கல். ஐந்து படி ஏறினால் நூறு மடங்கு.

இன்னொரு நுணுக்கம்: தொலைநோக்கி முடிவிலிக்குக் குவியம் வைத்திருக்கிறது, 550 கி.மீ. அதற்கு மிகப் பக்கம். கண்ணாடியின் விட்டத்தைத் தூரத்தால் வகுத்தால் மங்கலின் அகலம் கிடைக்கும்: 8.4 மீட்டர், 550 கி.மீ., விடை சுமார் 3 விகலை. கோடு இப்படி அகன்று பரவுவதால் மேலும் ஒன்றரை மாக்னிட்யூட் மங்கும். அப்படியும், ஒற்றைப் படத்தில் ரூபின் எட்டிப்பிடிக்கும் 24.5 மாக்னிட்யூட் பொருளைவிடக் கோடு ஏறத்தாழ 20 மடங்கு பிரகாசம்.

ஆனால் கோடு தின்னும் இடம் சிறிது. பிக்சல் ஒன்று 0.2 விகலை என்பதால் கேமராவின் குறுக்கே சுமார் 63,000 பிக்சல்கள். கோட்டின் இருபுறமும் தாராளமாக விட்டு 100 பிக்சல் அகலத்துக்கு மறைத்தாலும் மொத்தப் படத்தில் 0.2 சதவீதம்தான் போகும். கோட்டை அழித்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளலாமே என்று யாருக்கும் தோன்றும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ரூபின் கேமராவில் ஒளியைப் பதியும் 189 சிசிடி சில்லுகள். ஒவ்வொரு சில்லும் 16 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, பகுதிக்கு ஓர் ஆம்ப்ளிஃபையர் வீதம் 3,024 வழிகளில் ஒரே சமயத்தில் படிக்கப்படுகிறது. அதனால்தான் இவ்வளவு பெரிய படம் இரண்டே விநாடியில் வெளியே வருகிறது. பக்கத்துப் பக்கத்து மின்சுற்றுகள் ஒன்றாக இயங்கும்போது ஒன்றின் சிக்னல் மற்றொன்றுக்குள் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கசிகிறது. இதற்கு கிராஸ்டாக் என்று பெயர். விளைவாக, அசல் கோட்டுக்கு இணையாக, பக்கத்துப் பகுதிகளில் அதே சாய்வில் பேய்க்கோடுகள் விழும்.

கோட்டின் ஒரு பிக்சலில் 20,000 எலக்ட்ரான் சேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். பேய்க்கோட்டுக்கு வருவது 2 எலக்ட்ரான். வானப் பின்னணியின் இரைச்சல் பிக்சலுக்கு 40 எலக்ட்ரான் என்றால், இந்த இரண்டைக் கண்ணால் பார்க்கவே முடியாது. ஆனால் அது ஒழுங்கான கோடு: 15 பிக்சல் அகலம், ஒரு பகுதிக்குள் 2,000 பிக்சல் நீளம். அந்த 30,000 பிக்சல்களின் சராசரியை எடுத்தால் இரைச்சல் கால் எலக்ட்ரானுக்கும் கீழே இறங்கிவிடும். இரண்டு எலக்ட்ரான் தெளிவாக மேலே நிற்கும். விண்மீன் மண்டலங்களின் வடிவத்தில் உள்ள நுண்ணிய நெளிவை அளந்து இருள்பொருளைக் கணிக்கும் ஆய்வு, கோடிக்கணக்கான மண்டலங்களைச் சராசரி எடுத்துத்தான் நடக்கிறது. ஒரே திசையில் இழுக்கும் இந்தப் பேய்க்கோடு அந்தச் சராசரியில் கலந்தால் வானத்தில் இல்லாத ஒரு சீரமைப்பு இருப்பதாகக் காட்டும். என் பார்வையில், காணாமல் போகும் பிக்சல்களைவிட இதுவே பெரிய ஆபத்து. போன தரவு போனதாகவாவது தெரியும்.

கிராஸ்டாக் சிக்னலுக்கு நேர்விகிதத்தில் இருக்கும்வரை மென்பொருள் கழித்துவிடும். சிக்னல் மிகுந்தால் அந்த விகிதம் பிறழ்கிறது, திருத்தம் பொய்க்கிறது. 550 கி.மீ. உயரக் கோள் 7 மாக்னிட்யூடைவிட மங்கலாக இருக்க வேண்டும் என்று வானியலாளர்கள் கேட்பதற்கு, ரூபின் சிசிடிகளை ஆய்வகத்தில் சோதித்துக் கண்ட இந்த வரம்பு முக்கியக் காரணம். உயரம் கூடினால் வரம்பும் கடுமையாகும்: 1,200 கி.மீ.க்கு ஏறத்தாழ 7.8. தூரத்துக் கோள் மெதுவாக நகர்ந்து ஒரே பிக்சலில் அதிக நேரம் தங்கும், குவியமும் கூர்மையாகும்.

இந்த வரம்பை எட்ட நடந்த முயற்சிகள் பாடமானவை. முதல் ஸ்டார்லிங்க் கோள்கள் 5 மாக்னிட்யூடை ஒட்டி இருந்தன. 2020 ஜனவரியில் ஏவிய டார்க்சாட் கோளில் கருப்புப் பூச்சு அடித்தார்கள். கொஞ்சம் மங்கியது, ஆனால் கருப்பு வெயிலை உறிஞ்சிச் சூடேறியது. அடுத்து வந்த வைசர்சாட், ஆன்டெனாவின்மேல் வெயில் படாமல் நிழற்குடை கட்டிக்கொண்டு 6ஐ ஒட்டி வந்தது. கோளுக்குக் கோள் லேசரில் பேசும் வசதி வந்ததும் குடை லேசரின் வழியை மறித்ததால் அதையும் கைவிட்டார்கள். இப்போதைய முறை, ரேடியோ அலையைத் தன் வழியே போகவிட்டு, வெயிலை மட்டும் கண்ணாடிபோலப் பூமிக்கு அப்பால் திருப்பிவிடும் மெல்லிய படலம். கூடவே, நிழல் எல்லையை நெருங்கும்போது சூரியப் பலகையைச் சற்றுத் திருப்பிக்கொள்வதும் உண்டு. மின்சாரம் குறையும் என்பது அதற்குக் கொடுக்கும் விலை. எதிர்த்திசையில் போனதும் உண்டு. 2022இல் ஏவிய புளூவாக்கர் 3 என்ற சோதனைக் கோள், 64 சதுர மீட்டர் ஆன்டெனாவை விரித்ததும் சில வேளைகளில் 0.4 மாக்னிட்யூட் வரை ஒளிர்ந்து, வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரங்களின் வரிசையில் சேர்ந்தது.

அந்தி வேளை ஆய்வுகளுக்கு அடி பலம். சூரியனுக்கு அருகே சுற்றும் விண்கற்களை அந்தியிலும் விடியலுக்கு முன்பும், அடிவானத்தை ஒட்டி, சில நிமிடங்கள்தான் தேட முடியும். வெள்ளியின் பாதைக்கு உள்ளேயே சுற்றும் 2020 ஏவி2 என்ற விண்கல் இப்படித்தான் கிடைத்தது. கலிஃபோர்னியாவின் பாலோமர் மலையில் அதைக் கண்டுபிடித்த இசட்டிஎஃப் (ஸ்விக்கி டிரான்சியன்ட் ஃபெசிலிட்டி) என்ற வான்துழாவல் கேமராவில், 2019 இறுதியில் அந்திநேரப் படங்களில் அரை சதவீதத்தில்தான் ஸ்டார்லிங்க் கோடு இருந்தது. 2021 ஆகஸ்டில் அது 18 சதவீதம். விண்கல்லைத் தேடும் மென்பொருள் ஒரே இரவில் இரண்டு படங்களில் அது இடம் மாறியதைப் பார்த்து இணைக்கிறது. இரண்டில் ஒன்று கோட்டுக்கு அடியில் போனால் அந்த இரவின் இணைப்பே போய்விடும்.

கோள் வராத இடமாகப் பார்த்துப் படமெடுத்தால் என்ன? ரூபினுக்காக இதைக் கணினியில் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள்: சுமார் 40,000 கோள்கள் இருக்கும் வானத்தில், கோடுகளைப் பாதியாகக் குறைக்க நோக்கு நேரத்தில் 10 சதவீதத்தைக் கொடுக்க வேண்டியிருக்கும். பத்தாண்டுத் திட்டத்தில் அது ஒரு முழு ஆண்டு. போதாததற்கு, கோளின் நேரக் கணிப்பு ஒரு விநாடி பிசகினாலே இடம் 0.8 பாகை தள்ளிப்போகும். ஸ்டார்லிங்க் கோள்களோ மோதலைத் தவிர்க்க அடிக்கடி பாதையை மாற்றிக்கொள்கின்றன. ஆகவே நடைமுறையில் படத்தை எடுத்துவிட்டு, நேர்கோடுகளைக் கண்டறியும் ஹஃப் உருமாற்றம் மூலம் கோட்டைப் பிடித்து மறைப்பதே வழி.

நேர்கோடாக விழாதவற்றை இந்த முறை பிடிக்காது. உருளும் ராக்கெட் துண்டு மில்லிவிநாடிக் கணக்கில் ஒரு முறை பளிச்சிட்டால் படத்தில் நட்சத்திரம்போல ஒரு புள்ளி மட்டும் விழும். புதிதாக ஏதோ வெடித்ததென்று மென்பொருள் எச்சரிக்கை அனுப்பும். 2017இல் ஹவாயின் கெக் தொலைநோக்கி, மிகத் தொலைவிலுள்ள ஜிஎன்-இசட்11 மண்டலத்தை நோக்கியபோது பதிந்த ஓர் ஒளிர்வு, காமாக்கதிர் வெடிப்பாக இருக்கலாம் என்று 2020இல் ஆய்விதழில் வெளியானது. மறு ஆண்டே இன்னொரு குழு, அந்த நேரத்தில் அந்த இடத்தைக் கடந்தது பிரீஸ்-எம் ராக்கெட்டின் மேல்கட்டம் என்று பாதைப் பட்டியலைக் கொண்டு காட்டியது. அந்தத் துண்டு பெரியது, பட்டியலில் இருந்தது. பத்து சென்டிமீட்டருக்கும் குறைந்த துண்டுகளில் பெரும்பாலானவை எந்தப் பொதுப் பட்டியலிலும் இல்லை. அவற்றின் மினுக்கை ஒப்பிட்டு விலக்கும் வழியும் இல்லை. அதனால், ஒரே ஒரு படத்தில் மட்டும் தோன்றும் புள்ளியை, அடுத்த படத்திலும் தெரியும்வரை வானத்து நிகழ்வாக எண்ணக்கூடாது.