மலையக மண்ணும் திருமலைத் துறைமுகமும்

மலையகத்திலிருந்து திருகோணமலைக்குப் போனால் கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று, நிலாவெளிக் கடற்கரை என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவோம். துறைமுகத்தை வண்டிக்குள் இருந்து எட்டிப் பார்ப்பதோடு சரி. உண்மையில் அங்கே நின்று யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது: அந்தத் துறைமுகம் ஏன் இன்னும் மண் மூடித் தூர்ந்துபோகவில்லை?

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய (கத்தரித்துவிட்ட) மலையில் பெருமழை அடித்தால் கான்களில், அதாவது வடிகால்களில், கலங்கல் தண்ணீர் ஓடும். தலவாக்கலைப் பக்கம் அது கொத்மலை ஓயா என்ற ஆற்றில் விழுந்து மகாவலி ஆற்றுக்குப் போகும். மகாவலி 335 கிலோமீற்றர் ஓடிக் கடலைத் தொடுவது கொட்டியாரக் குடாவில். துறைமுகம் இருப்பதும் அதே குடாவின் வடக்குப் பக்கம்தான். வழக்கமாக ஆறு கடலில் சேரும்போது வேகம் குறையும், சுமந்து வந்த மண் படியும், கழிமுகம் மேடாகும். இங்கேயும் மூதூர்ப் பக்கம் ஆழம் குறைவுதான். ஆனால் குடா முழுவதும் அப்படி ஆகவில்லை.

காரணம், கரைக்கு மிக அருகிலேயே தொடங்கும் கடலடிப் பள்ளத்தாக்கு. வங்கக் கடலுக்குள் இறங்கி, 3,000 மீற்றருக்கும் அதிகமான ஆழம் வரை அது போகிறது. ஆற்று மண் அதன் சரிவில் குவியும். குவியல் தாங்காத அளவுக்கு வந்ததும் மழைக்கால மண்சரிவு போலப் பெயர்ந்துவிடும். மண் கலந்த நீர் தெளிந்த கடல்நீரைவிடக் கனமானது. அதனால் மேலே எழாமல் தரையை ஒட்டியே கீழே பாய்கிறது. போகிற வழியில் இன்னும் மண்ணைக் கிளறிச் சேர்த்துக்கொள்ளும். அதனால் கனம் கூடும், வேகமும் கூடும். பள்ளத்தாக்கு முடிந்து கடல்தரை சமமாகும் இடத்தில்தான் எல்லாவற்றையும் இறக்கிவைக்கும். கப்பல் போகும் பாதைக்கு அதனால் தொல்லை இல்லை.

அலைக்கும் இந்தப் பள்ளம் ஒரு வேலை செய்கிறது. அலை ஆழத்தில் வேகமாகவும் ஆழமில்லாத இடத்தில் மெதுவாகவும் நகரும். பள்ளத்தின் மேல் வரும் பகுதி முந்திப் போக, அலை வளைந்து அதன் பலம் இரு பக்கமும் பிரிந்துவிடும். அப்புறம், உள்துறைமுகத்தைச் சுற்றிக் கடினப் பாறை முனைகள் மறித்து நிற்கின்றன. நமது மத்திய மலைநாட்டுப் பாறைத்தொகுதியே வடகிழக்காக நீண்டு அங்கே போய் முடிகிறது.

இந்த ஒதுக்கிடத்துக்காகத்தான் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லாரும் மோதிக்கொண்டார்கள்; 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டதும் இதனால்தான். 1659இல் புயலில் பாய்மரம் முறிந்த ஓர் ஆங்கிலக் கப்பல் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. அதிலிருந்த ரொபர்ட் நொக்ஸ் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்டு, ஏறக்குறைய 20 ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் கிடந்தார். மண் இறங்கும் வழியில் மனிதன் ஏறிவந்த கதை!

ஆழ்கடல் இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் நீலத் திமிங்கிலங்களையும் திருமலைக் கரைக்கு அருகே பார்க்கலாம். மே, ஜூன் மாதங்களில் கடல் அமைதியாக இருக்கும்போது படகில் போவது நல்லது.

இப்போது மலை மண்ணில் பெரும்பகுதி குடாவரை போவதில்லை. கொத்மலை, பொல்கொல்லை, விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தெம்பை என்று வரிசையாக அணைகள் மறிக்கின்றன. வெலிமடை மரக்கறித் தோட்டங்களின் மண்ணை உமா ஓயா கொண்டுவந்து ரந்தெம்பையில் கொட்டுகிறது. அங்கே அதை இழுத்துக்கொள்ளப் பள்ளத்தாக்கு எதுவும் இல்லை. நீர்த்தேக்கம்தான் மேடாகிக்கொண்டு வருகிறது.