‘இருக்கத்தானே செய்யும்!’

இந்த வாரத்தில் இது மூன்றாவது. எலும்பு வார்டிலிருந்து அழைப்பு. “76 வயது அம்மா, இடுப்பு எலும்பு முறிவு, ஆபரேஷன் முடிந்து மூன்று நாள். பேசுவதில்லை, சாப்பாட்டில் நாட்டமில்லை. மனச்சோர்வு. மருந்து சொல்லவும்.”

போய்ப் பார்த்தேன். கண்ணை மூடிப் படுத்திருந்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறக்கிறார், இரண்டு நொடியில் பார்வை எங்கோ நழுவிவிடுகிறது. கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னேன். “ஞாயிறு, சனி...” அதோடு நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, “பஸ் வந்துடுச்சா?” என்று கேட்டார்.

பக்கத்தில் நின்ற மகன் சொன்னார்: “ரெண்டு நாளா நல்லாத் தூங்குறாங்க டாக்டர். வயசாச்சு, ஆபரேஷன் வேற. இருக்கத்தானே செய்யும்?”

அது தூக்கமும் இல்லை, மனச்சோர்வும் இல்லை. டெலிரியம். அடிவயிற்றில் கை வைத்தால் சிறுநீர் தேங்கி உப்பியிருந்தது. ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. காது மிஷின் வீட்டில் இருந்தது. தொலைந்துவிடக் கூடாதென்று பத்திரமாக எடுத்து வைத்துவிட்டார்களாம்.

(ஆளை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். மாற்றாமல் எழுதினாலும் கண்டுபிடிக்க முடியாது. இப்படி ஒருவர் எல்லா வார்டிலும் இருக்கிறார்.)

பொது மருத்துவமனையில் மனநல மருத்துவராக இருப்பவர்களுக்கு இந்த ‘இருக்கத்தானே செய்யும்’ காது புளித்துப் போன வசனம். முதியவர் உளறினால், புற்றுநோய் வந்தவர் சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தால், ஐசியு வாசலில் உட்கார்ந்திருக்கும் மனைவிக்கு இரவெல்லாம் நெஞ்சு படபடத்தால், எல்லாவற்றுக்கும் அதே பதில். குடும்பத்தினர் சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்வேன். எங்கள் ஆட்களே சொல்கிறார்கள்.

முதலில் டெலிரியம். உடலில் ஏற்படும் கோளாறால் மூளை தற்காலிகமாகத் தடுமாறும் நிலை இது. சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வந்துவிடும். கவனம் நிற்காது, இடமும் நேரமும் குழம்பும், ஏறும், இறங்கும். தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, உப்புச் சத்து மாற்றம், அடங்காத வலி, மலச்சிக்கல், புதிதாகச் சேர்த்த மருந்து என்று எது வேண்டுமானாலும் காரணமாகலாம். பைத்தியம் இல்லை. பேய் இல்லை. ‘மூளை மழுங்கிப்போச்சு’ என்பதும் இல்லை. நேற்று முன்தினம் வரை கணக்கு வழக்கு பார்த்தவருக்கு இரண்டே நாளில் மறதி நோய் வராது. இந்த ஒன்றையாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டிலிலிருந்து எழுந்து ஓடுபவரை, ஊசியைப் பிடுங்குபவரை எல்லோரும் கவனித்துவிடுவார்கள். எங்கள் கண்ணில் படாமல் தப்புவது அமைதியாகக் கிடக்கும் வகைதான். அந்த அம்மாவைப் போல. தொந்தரவு இல்லாத நோயாளி என்று வார்டே நிம்மதியாக இருக்கும். மனச்சோர்வு என்று மனநலப் பிரிவுக்கு அனுப்பப்பட்ட 67 உள்நோயாளி முதியவர்களைப் பரிசோதித்து 1995-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்களில் 42 சதவீதத்தினருக்கு இருந்தது டெலிரியம். அதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. இன்றும் அப்படியேதான் இருக்கிறது என்பதில்தான் எரிச்சல்.

இது ஏன் முக்கியம்? ஐசியு-வில் வென்டிலேட்டரில் இருந்த 224 பேரை வெஸ்லி எலி குழுவினர் பின்தொடர்ந்து 2004-ல் எழுதினார்கள். பத்தில் எட்டுப் பேருக்கு டெலிரியம் வந்திருந்தது. வந்தவர்களில் 34 சதவீதத்தினர் ஆறு மாதத்துக்குள் இறந்தார்கள். வராதவர்களில் 15 சதவீதம். 2013-ல் வந்த இன்னொரு பெரிய ஆய்வில், டெலிரியம் எத்தனை நாள் நீடித்ததோ அந்த அளவுக்கு ஒரு வருடம் கழித்தும் நினைவும் சிந்தனையும் மந்தமாக இருந்தன. ‘சரியாகிவிடும்’ என்று காத்திருக்கிற விஷயம் இல்லை இது. காரணத்தைத் தேட வேண்டும்.

இங்கே ஒரு விஷயம். காலை ஒன்பது மணி ரவுண்ட்ஸில் நோயாளி பளிச்சென்று பேசுவார். இரவு ஒன்பதுக்கு நர்ஸைத் திருடி என்பார். அதனால் நான் எந்த வார்டுக்குப் போனாலும் முதலில் படிப்பது இரவு நர்ஸ் எழுதிய குறிப்பைத்தான். பெரிய டாக்டர்களின் குறிப்பை விட அதில் உண்மை அதிகம் இருக்கும்.

அப்புறம் குடி. ஆபரேஷன் முடிந்த இரண்டாம் மூன்றாம் நாள் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று ஒருவர் கத்தினால் நான் கேட்கும் முதல் கேள்வி: தினமும் குடிப்பாரா? “எப்பவாவது டாக்டர், விசேஷத்துக்கு.” வெளியே வந்து தனியாகக் கேட்டால்தான் தினமும் என்று வரும். தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வரும் டெலிரியம் உயிரைப் பறிக்கக்கூடியது. மயக்க மருந்து டாக்டர் கேட்கும்போதே உண்மையைச் சொல்லியிருந்தால் முதல் நாளிலிருந்தே வைட்டமின் ஊசியும் வேண்டிய மருந்தும் போயிருக்கும். நாங்கள் போலீஸ் இல்லை. மானம் பார்க்கிற இடமும் ஆபரேஷன் அறை இல்லை. சொல்லுங்கள்.

“தூங்க வைக்க ஒரு ஊசி போடுங்க டாக்டர்” என்று கெஞ்சுவார்கள். குடி நிறுத்தியதால் வந்த டெலிரியம் வேறு கதை. மற்றவற்றில் தூக்க மருந்து பல நேரம் குழப்பத்தைக் கூட்டிவிடும். ஐசியு-வில் வழக்கமாகக் கொடுக்கும் ஹாலோபெரிடால் என்ற மனநல மருந்துகூட டெலிரியம் நீடிக்கும் நாட்களைக் குறைக்கவில்லை என்று 566 பேரை வைத்து நடத்திய சோதனை 2018-ல் காட்டியது. கையைக் கட்டிப்போடுவதும் பதற்றத்தை ஏற்றும்.

பலன் தருவது எது தெரியுமா? ஷேரன் இனூய் குழுவினர் 70 வயது தாண்டிய 852 உள்நோயாளிகளிடம் செய்து பார்த்து 1999-ல் வெளியிட்டார்கள். இன்று என்ன நாள், எந்த இடம் என்று அடிக்கடி சொல்வது, கண்ணாடியையும் காது மிஷினையும் மாட்டிவிடுவது, எழுப்பி நடக்கவைப்பது, தண்ணீர் குடிக்கவைப்பது, இரவில் எழுப்பாமல் தூங்கவிடுவது. டெலிரியம் வந்தவர்கள் 15 சதவீதத்திலிருந்து 9.9 சதவீதமாகக் குறைந்தார்கள். இதில் பாதியைச் செய்ய டாக்டரே வேண்டாம், நீங்கள் போதும். கண்ணாடி, காது மிஷின், பல்செட் மூன்றும் நோயாளியோடு வார்டில் இருக்க வேண்டும். அலமாரியில் பத்திரமாக இருந்து என்ன பயன்?

தெளிந்த பிறகு பலர் ஒன்றைச் சொல்லமாட்டார்கள். நர்ஸ் தன்னைக் கொல்ல வந்தது, யாரோ கட்டிப்போட்டுக் கடத்தியது எல்லாம் துண்டு துண்டாக நினைவில் இருக்கும். வெளியில் சொன்னால் பைத்தியம் என்பார்களோ என்று விழுங்கிவிடுவார்கள். நீங்களே பேச்சைத் தொடங்குங்கள். “உங்களுக்கு அப்போது உடம்பு முடியாமல் குழப்பமாக இருந்தது, நடந்தது இதுதான்” என்று சொன்னால் போதும். ஐசியு-வில் இருந்த நாட்களை நர்ஸும் குடும்பமும் ஒரு நோட்டில் எழுதிவைத்துப் பிறகு நோயாளியிடம் கொடுக்கும் பழக்கம் சில நாடுகளில் உண்டு. 2010-ல் ஐரோப்பாவில் செய்த சோதனையில் அப்படி நோட்டு கிடைத்தவர்களுக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் 13-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. 2019-ல் பிரான்ஸில் இன்னும் பெரிதாகச் செய்தபோது அந்த வித்தியாசம் கிடைக்கவில்லை. எனக்கு இன்னும் அந்த நோட்டின் மேல் ஒரு சாய்வு உண்டு. செலவில்லை, கெடுதலும் இல்லை.

சரி, மனச்சோர்வுக்கு வருகிறேன். எனக்கு அதிகம் கோபம் வருவது இங்கேதான்.

“கேன்சர்னு சொல்லிட்டாங்க, சோகமா இருக்கத்தானே செய்வாங்க?” ஆமாம், இருப்பார்கள். கால் முறிந்தால் வலிக்கத்தான் செய்யும். அதற்காக வலிக்கு மருந்து கொடுக்காமல் விட்டுவிடுகிறோமா? காரணம் நமக்குப் புரிகிறது என்பதற்காக நோய் நோயில்லாமல் ஆகிவிடாது. நுரையீரல் தொற்றுக்கும் காரணம் தெரியும், அதற்கு ‘இருக்கத்தானே செய்யும்’ என்று யாரும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. மனதுக்கு மட்டும் ஏன் இந்த ஓரவஞ்சனை?

எல்லா நோயாளிக்கும் மனச்சோர்வு நோய் வருவதில்லை என்பதையும் பாருங்கள். புற்றுநோயாளிகள் மேல் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2011-ல் கணக்குப் போட்டபோது, முழு அளவிலான மனச்சோர்வு நோய் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு இருந்தது. மீதி ஐந்து பேர் அழுதிருப்பார்கள், பயந்திருப்பார்கள், தூக்கம் கெட்டிருப்பார்கள். ஆனாலும் பேரனைப் பார்த்தால் முகம் மலரும். சோகம் அலை மாதிரி, வந்து போகும். நோய் போகாது. பேரன் வந்தாலும் முகம் திரும்பாது, ‘நான் எல்லோருக்கும் பாரம்’ என்ற ஒரே பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஒருவரைத்தான் ‘இயல்பு’ என்று சொல்லிக் கைவிடுகிறோம். ஸ்காட்லாந்தின் புற்றுநோய் மையங்களில் 21,000-க்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்து 2014-ல் எழுதினார்கள். மனச்சோர்வு இருந்தவர்களில் 73 சதவீதத்தினருக்கு அதற்கான சரியான சிகிச்சை கிடைத்திருக்கவில்லை. அதே குழு, மருந்தும் பேச்சுச் சிகிச்சையும் தொடர் கவனிப்பும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது. ஆறு மாதத்தில் 62 சதவீதத்தினருக்கு நோய் பாதிக்குப் பாதி குறைந்தது. வழக்கமான கவனிப்பில் அது 17 சதவீதம்தான். புற்றுநோய் அப்படியே இருக்கும்போதே மனச்சோர்வு குறைந்திருக்கிறது. ‘காரணம் இருக்கும்வரை மனம் எப்படித் தேறும்?’ என்று கேட்பவர்களுக்கு இதற்கு மேல் என்ன சொல்ல?

கண்டுபிடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. களைப்பு, பசியின்மை, தூக்கமின்மை எல்லாம் உடல் நோயாலும் வரும். அதனால்தான் மருத்துவமனை நோயாளிகளுக்கென்று 1983-ல் சிக்மண்ட், ஸ்னெய்த் இருவரும் உருவாக்கிய கேள்வித்தாளில் அந்த அறிகுறிகளை வேண்டுமென்றே தவிர்த்தார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம், இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வம் இல்லாமல் இருந்ததா? மனம் இருண்டு, நம்பிக்கை இழந்து இருந்ததா? பெரும்பாலான நாட்கள் அப்படித்தான் என்றால் எங்களைக் கூப்பிடுங்கள். ‘சாக வேண்டும் போலிருக்கிறதா?’ என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயப்படாதீர்கள். கேட்டதும் பெருமூச்சு விட்டு அழுதவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இதய வார்டு நண்பர்களுக்கு ஒரு வரி. மாரடைப்பு வந்தவருக்கு மனச்சோர்வும் இருந்தால் ஆறு மாதத்துக்குள் இறக்கும் அபாயம் பல மடங்கு கூடுகிறது என்று 1993-லேயே எழுதிவிட்டார்கள். சோர்வைக் குணப்படுத்தினால் ஆயுள் கூடுமா என்று பெரிதாகச் சோதித்தபோது அது நிரூபணமாகவில்லை, உண்மைதான். மனம் தேறியது. அது போதாதா?

இனி வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள்.

பிரான்ஸில் 2001-ல் வந்த ஆய்வு ஒன்று. 43 ஐசியு-க்களின் வாசலில் இருந்த உறவினர்களில் 69 சதவீதத்தினரிடம் பதற்ற நோயின் அறிகுறிகள், 35 சதவீதத்தினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள். எலி அசூலே குழு 2005-ல் இன்னும் ஒரு படி போனது. மூன்று மாதம் கழித்து விசாரித்தால், மூன்றில் ஒரு உறவினருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயின் அறிகுறிகள் இருந்தன. விவரம் அரைகுறையாகக் கிடைத்தது என்று நினைத்தவர்களிடமும், சிகிச்சை முடிவுகளில் பங்கெடுத்தவர்களிடமும் இது கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி.

வென்டிலேட்டரை எடுக்கலாமா வேண்டாமா என்று கையெழுத்துப் போட்ட கை அது. ‘நான்தான் கொன்றுவிட்டேனோ’ என்று வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கும் மகள்களை என் அறையில் பார்க்கிறேன். அவர்களுக்குத் தேவைப்பட்டது பெரிய சிகிச்சை இல்லை. அரை மணி நேரம் உட்கார வைத்துப் பேசியிருந்தால் போதும். 2007-ல் அதையும் சோதித்திருக்கிறார்கள். மரணத் தறுவாயில் இருந்தவர்களின் குடும்பத்தோடு சராசரியாக 20 நிமிடத்துக்குப் பதில் 30 நிமிடம், அவர்களையும் பேசவிட்டு, அழவிட்டுப் பேசினார்கள், துக்கம் பற்றிய கையேடு ஒன்றும் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயின் அறிகுறிகள் 69-லிருந்து 45 சதவீதமாகக் குறைந்திருந்தன. பத்து நிமிடம், ஐயா. நடைபாதையில் நின்றபடி, அடுத்த கேஸுக்கு நடந்துகொண்டே சொல்வது பேச்சில் சேராது.

குடும்பத்தினருக்கு: ஒரே ஆள் இருபத்து நான்கு மணி நேரமும் நாற்காலியில் உட்காராதீர்கள். அது பாசம் இல்லை, அடுத்த நோயாளியைத் தயார் செய்வது. முறை வைத்து மாறுங்கள். உங்கள் பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரையை விடாதீர்கள். டாக்டரிடம் பேச ஒருவரை நியமித்து, கேள்விகளை எழுதி வைத்துக் கேளுங்கள். வாட்ஸ்ஆப்பில் வரும் வைத்தியத்தை வாசலிலேயே விட்டுவிடுங்கள். அழுகிறவரிடம் “தைரியமா இரு” என்று சொல்லாதீர்கள். இது என் கெஞ்சல். அதைக் கேட்டுக் கேட்டே அவர்கள் பேசுவதை நிறுத்திவிடுகிறார்கள். டிஸ்சார்ஜ் ஆகி ஒரு மாதம் கழித்தும் தூக்கமில்லை, மருத்துவமனை வாசனைக்கே உடம்பு நடுங்குகிறது என்றால் வந்து பாருங்கள். நோயாளி நீங்களாகவும் இருக்கலாம்.

அந்த அம்மாவின் மகனிடம் அன்று கடைசியாகத் தூங்கியது எப்போது என்று கேட்டேன். யோசித்தார். கிழமையை அவராலும் சொல்ல முடியவில்லை. “வீட்ல வேற யாரு?” தங்கை இருக்கிறாள், அவளைச் சிரமப்படுத்த வேண்டாமென்று சொல்லவில்லையாம். என் முன்னாலேயே போன் போட வைத்தேன்.

சிறுநீரை வெளியேற்றினோம், சோடியத்தை மெதுவாகச் சரிசெய்தார்கள், வேண்டாத இரண்டு மாத்திரைகளை நிறுத்தினோம். மூன்று நாள் கழித்துப் போனபோது அந்த அம்மா ஞாயிறிலிருந்து திங்கள் வரை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, “இதையே எத்தனை தடவை கேப்பீங்க?” என்றார். காதில் மிஷின் இருந்தது. நாற்காலியில் தங்கை இருந்தார். மகன் வீட்டில் தூங்கப் போயிருந்தார்.