வெளியிட்ட ஸ்டாண்டர்டில பிழை இருந்தா என்ன செய்யினம்?

கம்பஸில படிக்கிற தங்கச்சி ஒராள் கேட்டிருந்தா: "அண்ணா, ஒரு ஆர்எஃப்சிய பாத்து கோட் எழுதிக்கொண்டிருக்கிறன், அதில போட்டிருக்கிற உதாரணமே பிழை போல கிடக்கு, உதை ஆரிட்ட சொல்லுறது, சொன்னா திருத்துவினமோ?"

சொல்லலாம், பிழை எண்டு ஒத்துக்கொள்ளவும் செய்வினம், ஆனா அந்த எழுத்தில கை வைக்க மாட்டினம்.

இன்டர்நெட் எப்பிடி ஓடவேணும் எண்டு எழுதின ஆவணங்கள்தான் கூடுதலான ஆர்எஃப்சிகள், முதலாவது 1969 ஏப்ரலில வந்தது. ஒருக்கா நம்பர் போட்டு வெளியிட்டா பேந்து ஒரு கமாவும் மாறாது, ஏன் எண்டா அப்பத்தான் அங்க ரௌட்டர் செய்யிறவையும் இங்க ஆப் எழுதிற பெடியளும் ஒரே எழுத்தைத்தான் வாசிச்சவை எண்டு நம்பலாம். பிழையள் பக்கத்தில தனி லிஸ்டில போகும், அதுக்குப் பேர் எர்ராட்டா. ஆரும் ஃபோர்ம் நிரப்பலாம்: எந்தப் பகுதி, இப்ப என்ன கிடக்கு, என்ன வரவேணும், ஏன். ஒவ்வொண்டுக்கும் ஒரு ஐடி. இஷ்யூ ட்ரக்கர், அதாவது சொஃப்ட்வெயர் பிழையளைப் பதிஞ்சு வைக்கிற இடம், பாவிச்சவைக்கு இது தெரிஞ்ச விசயம், தாண்டிப் போவம்.

எனக்குப் பிடிச்ச இடம் இதுக்குப் பிறகுதான். சாதாரண பக் ட்ரக்கரில "இது ஒழுங்கா வேலை செய்யுதோ" எண்டுதான் கேப்பினம், இஞ்ச கேக்கிறது "அண்டைக்கு இதை ஒத்துக்கொண்டு வெளியிடேக்க அவை என்னத்தை நினைச்சவை" எண்டு. நினைச்சது ஒண்டு, எழுதுப்பட்டது வேற, அதை நம்பிச் செய்தா சிக்கல் வரும் எண்டா "வெரிஃபைட்". நினைச்சதே மோசமான யோசனை எண்டா, நீங்கள் சொல்லுறது எவ்வளவு திறமா இருந்தாலும் "ரிஜெக்டட்", போய்ப் புது ஆர்எஃப்சி எழுதி எல்லாரையும் சம்மதிக்க வையுங்கோ. நடுவில "ஹெல்ட் ஃபோர் டொக்யுமென்ட் அப்டேட்" எண்டு ஒண்டு இருக்கு: நீர் சொல்லுறது சரிதான், ஆனா இதால இப்ப ஒண்டும் உடையாது, அடுத்த முறை எழுதேக்க பாப்பம். திருத்தம் எண்ட பேரில ஆரும் பின்கதவால சட்டத்தை மாத்தேலாது பாருங்கோ, அதுதான் இதின்ர அழகு.

அடுத்த முறை எப்ப வரும் எண்டு மட்டும் கேக்காதேங்கோ. இன்டர்நெட்டில டேட்டா ஒழுங்கா போய்ச் சேரப் பாக்கிற டிசிபிக்கான ஆர்எஃப்சி 793, 1981 இல வந்தது, அதின்ர எர்ராட்டாவையும் சேர்த்து எழுதின ஆர்எஃப்சி 9293 வந்தது 2022 இல. "மஸ்ட்", "ஷுட்" எண்ட சொல்லுகளுக்கு என்ன அர்த்தம் எண்டு சொல்லுற 2119 இலயே ஒரு ஓட்டை இருந்தது: எல்லாரும் அப்பிடியே கொப்பி பண்ணச் சொல்லிக் குடுத்த வசனத்தில "நொட் ரெக்கமெண்டட்" விடுபட்டுப் போச்சு, 1997 இல போன அந்தச் சொல் 2017 இல 8174 குடுத்த புது வசனத்திலதான் ஒழுங்கா ஏறினது. யுனிக்ஸ் மாதிரி ஒப்பரேட்டிங் சிஸ்டங்களுக்கான ஸ்டாண்டர்டான பொசிக்ஸ் ஆக்களும் இதே மாதிரித்தான், மான்டிஸ் எண்ட ட்ரக்கரில பக் போட்டா சிலவேளை வாற பதில், ஸ்டாண்டர்ட் இப்பிடித்தான் சொல்லுது, அதுவரைக்கும் அப்பிடியே நடக்கவேணும், உங்கட கவலையை மேல அனுப்பியிருக்கிறம்.

எங்கட பஞ்சாங்கத்துக்கு இப்பிடி ஒரு லிஸ்ட் இல்லாததுதான் எனக்குக் கவலை. வாக்கியம் பழைய கணக்கை வச்சிருக்கு, திருக்கணிதம் வானத்தோட ஒத்துப் பாத்துத் திருத்தினது, அதால வருசம் பிறக்கிற நேரம் இரண்டிலயும் வேற வேற, எது பிழை எண்டு எழுதி வைக்க ஆரும் தயாரில்லை. கிரகம் எங்க நிக்குது எண்டதையாவது அளந்து பாக்கலாம், அது ஒருத்தற்ர கலியாணத்தை என்ன செய்யும் எண்டதுக்கு எர்ராட்டா போடவே வழியில்லை, அது வேற கதை.

இந்த ரிப்போர்ட்டுகளை இருந்து வாசிச்சுத் தீர்ப்புச் சொல்லுற ஏரியா டைரக்டர்மார், அதாவது ஒவ்வொரு துறைக்கும் பொறுப்பானவை, இந்த ஸ்டாண்டர்டுகளை எழுதுற அமைப்பான ஐஇடிஎஃப்பிட்ட சம்பளம் வாங்கிறேல்லை, அநேகமா அவையள் வேலை செய்யிற இடம்தான் அந்த நேரத்துக்குக் காசு குடுக்குது. எங்கட பக்கம் மகாநாட்டு பானருக்குக் காசு கிடைக்கும், இருந்து வாசிக்கிறதுக்குக் கிடைக்காது. ஒரு எர்ராட்டா வெரிஃபைட் ஆனா ஃபைனல் இயர் புரொஜெக்டில அஞ்சு மார்க் குடுத்தா என்ன குறைஞ்சு போகும்?