பெருங்குடலில் ஆக்சிஜன் கசிந்தால்

"பல் வலிக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். பல் சரியாகிவிட்டது, வயிறு கெட்டுவிட்டது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிறார் ஒரு வாசகர்.

பதிலில் பாதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். நம் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016இல் வெளியான ஒரு கணக்கு சொல்கிறது. நம் சொந்தச் செல்களே 30 லட்சம் கோடிதான். பாக்டீரியாக்களில் பெரும்பங்கு வசிப்பது பெருங்குடலில். ஆன்டிபயாடிக்குக்கு ஆள் பார்த்துக் கொல்லத் தெரியாது; பல்லுக்குப் போன மருந்து குடலிலும் வேலையைக் காட்டுகிறது.

சரி, நல்லவை செத்தால் கெட்டவை ஏன் பெருக வேண்டும்? இடம் காலியானது மட்டும் காரணமில்லை. எனக்கு அலுக்கவே அலுக்காத சங்கதி இங்கேதான் இருக்கிறது.

பெருங்குடலின் உள்ளே ஆக்சிஜன் கிட்டத்தட்டக் கிடையாது. ஆனால் குடல்சுவரில் ஓடும் ரத்தத்தில் ஆக்சிஜன் தாராளம். நடுவே இருப்பதோ கொஞ்சம் சளிப்படலமும் ஒற்றை வரிசைச் செல்களும். அப்படியும் ஆக்சிஜன் உள்ளே கசிவதில்லை. ஏனென்றால் வழியிலேயே அந்தச் செல்கள் அதை எரித்துத் தீர்த்துவிடுகின்றன.

எரிபொருள் பியூட்டிரேட். நான்கே கார்பன் அணுக்கள் கொண்ட குட்டிக் கொழுப்பு அமிலம். நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தை நொதிக்கவைத்து, முக்கியமாக கிளாஸ்ட்ரிடியா வகை பாக்டீரியாக்கள் இதைத் தயாரிக்கின்றன. பெருங்குடல் செல்கள் தங்கள் ஆற்றலில் சுமார் 70 சதவீதத்தை இதிலிருந்துதான் பெறுகின்றன. கொழுப்பு அமிலத்தை எரிக்க ஆக்சிஜன் கட்டாயம் வேண்டும். கிளாஸ்ட்ரிடியாவுக்கோ ஆக்சிஜன் நஞ்சு. ஆக, தனக்கு நஞ்சானதை நம் செல்களே தின்று தீர்க்கும்படியான தீனியை அந்த பாக்டீரியா போடுகிறது!

ஆன்டிபயாடிக் வந்து கிளாஸ்ட்ரிடியாவை அழித்தால் பியூட்டிரேட் குறைகிறது. செல்கள் குளுக்கோஸை லாக்டேட்டாக உடைக்கும் வழிக்குத் தாவுகின்றன; அதற்கு ஆக்சிஜன் தேவையில்லை. செலவாகாத ஆக்சிஜன் குடலுக்குள் கசிகிறது. கெட்டவைகளான சால்மொனெல்லாவும் ஈ.கோலையும் அது இல்லாமலும் பிழைக்கும், கிடைத்தாலோ கொண்டாட்டம்தான். அதே கசிவு, மிஞ்சிய கிளாஸ்ட்ரிடியாவையும் தலையெடுக்க விடாது. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரியாஸ் பாய்ம்லரின் குழு இதை எலிகளில் படிப்படியாகக் காட்டியது.

க்ரோன் நோய், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் போன்ற குடல் அழற்சி நோய்களிலும் பியூட்டிரேட் தயாரிப்பாளர்கள் குறைந்து ஈ.கோலை குடும்பம் பெருகியிருப்பது வழக்கம். அழற்சி முந்தியதா, இந்த மாற்றம் முந்தியதா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை.

ஆன்டிபயாடிக்குக்குப் பின் வரும் தொல்லைகளில் மோசமானது கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் தொற்று. மேலே சொன்ன நல்ல கிளாஸ்ட்ரிடியாக்களின் கெட்ட உறவுக்கார பாக்டீரியா இது; கடும் வயிற்றுப்போக்கைத் தரும். அது திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு நல்ல பாக்டீரியாக்கள் நிறைந்த, ஆரோக்கியமானவர்களின் மலத்தைக் கரைத்து, குழாய் வழியாகச் சிறுகுடலில் செலுத்திப் பார்த்தார்கள் நெதர்லாந்து மருத்துவர்கள். 2013இல் வந்த முடிவு: முதல் முறையிலேயே 16 பேரில் 13 பேர் குணம். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்த 13 பேரில் 4 பேர்தான். முகம் சுளிக்காதீர்கள், 1958லேயே அமெரிக்காவின் டென்வரில் இந்த உத்தியைக் கையாண்டு கட்டுரையும் எழுதிவிட்டார்கள். முறையான ஒப்பீட்டுச் சோதனைக்கு 55 வருடம் ஆனதற்கு, மலத்துக்குக் காப்புரிமை வாங்கிக் காசு பார்க்க முடியாததும் ஒரு காரணம் என்பது என் சந்தேகம். குடலைக் கழுவி 'நச்சு நீக்கும்' வியாபாரத்துக்கோ எந்தச் சோதனையும் தேவைப்படுவதில்லை.

அப்புறம், நல்ல பாக்டீரியாக்களை உயிரோடு அடைத்து விற்கும் புரோபயாடிக் மாத்திரை. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்ட 21 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்துப் பார்த்தார்கள். சிறிய ஆய்வுதான், 2018இல் வெளியானது. முன்பே சேமித்துவைத்த தங்கள் மலத்தையே திரும்பப் பெற்றவர்களுக்குப் பழைய பாக்டீரியாக் கூட்டம் சில நாட்களில் திரும்பிவிட்டது. சும்மா விட்டவர்களுக்குச் சில வாரங்கள். புரோபயாடிக் சாப்பிட்டவர்களுக்குத்தான் எல்லோரையும்விடத் தாமதம். மாத்திரையை நிறுத்திப் பல மாதங்கள் ஆகியும் அவர்களின் குடல் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பவில்லை.