கார்பரேட்டர்: கரியேற்றியா, கலப்பியா?

மேட்டுப்பாளையத்தில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த அப்பாவின் பழைய கார், பர்லியாறு தாண்டியதும் திணற ஆரம்பிக்கும். குன்னூர் எட்டுவதற்குள் பின்னால் கரும்புகை. தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் முனை முழுக்கக் கரி அப்பியிருக்கும். குன்னூர் மெக்கானிக் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்: "கார்பரேட்டர்ல பெட்ரோல் ஜாஸ்தி போகுது சார், மலைக்குத் தகுந்த மாதிரி செட் பண்ணணும்." பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கருவி கார்பரேட்டர். அந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது அங்கேதான். அதற்கு என்ன பொருள் என்று தேடியது பல வருடம் கழித்து.

வேர் லத்தீனில் இருக்கிறது. 'கார்போ' என்றால் கரி. 1787இல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியேவும் கூட்டாளிகளும் வேதிப்பொருள்களுக்குப் புதுப்பெயர் வைத்தபோது அதிலிருந்து 'கார்பன்' வந்தது. கார்பன் சேர்ந்த பொருளைப் பிரெஞ்சில் 'கார்பியூர்' என்றார்கள். கார்பனைச் சேர்ப்பது என்ற பொருளில் ஆங்கிலத்தில் 'கார்புரெட்' என்ற வினை பிறந்தது. கார் வருவதற்கு முன்பே இந்தச் சொல் வேலை பார்த்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் எரிவாயு விளக்குகளில் சுடர் மங்கலாக இருந்தால், ஹைட்ரோகார்பன் ஆவியைச் சேர்த்துப் பிரகாசமாக்குவார்கள். அந்த வேலைக்கு இந்தப் பெயர். காற்றில் பெட்ரோல் ஆவியைச் சேர்க்கும் கருவி எஞ்சினுக்குத் தேவைப்பட்டபோது விளக்குக்காரர்களின் சொல் அப்படியே இங்கே குடியேறிவிட்டது. தொடக்கத்தில் பெட்ரோலின் மேற்பரப்பை உரசிக் காற்று போகும், அவ்வளவுதான். சன்னமான துளை வழியாகப் பெட்ரோலைத் தூவும் கருவி 1893இல் வந்தது: ஜெர்மனியில் மேபாக், ஹங்கேரியில் பான்கியும் சோன்காவும்.

ஆகவே சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் 'கரியேற்றி' என்று வரும். இங்கே ஓர் எச்சரிக்கை. 'கார்போ'வும் நம் 'கரி'யும் ஒலியில் நெருங்கி நிற்பதால் இரண்டும் ஒரே வேர் என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். அது தற்செயல். நம் கரி கருமையிலிருந்து வந்தது. கரு, கார், கரிய எல்லாம் அதன் சொந்தங்கள்.

'கரியேற்றி'யை நான் ஏற்கமாட்டேன். மலையில் வண்டி ஓட்டுகிறவருக்குக் கரி என்பது பிளக்கில் ஏறும் நோய். அந்த நோயின் பெயரைக் கருவிக்கு வைத்தால் படிக்கிறவர் எதிர்மாறாகப் புரிந்துகொள்வார். கருவி செய்யும் வேலை எதுவோ, பெயர் அதைச் சொல்ல வேண்டும்.

அந்த வேலை என்ன? கார்பரேட்டரின் நடுவில் ஒரு குழாய், அதன் இடுப்பு மட்டும் ஒடுங்கியிருக்கும். எஞ்சின் காற்றை இழுக்கும்போது அந்த ஒடுக்கத்தில் காற்றின் வேகம் கூடி, அழுத்தம் குறைகிறது. பக்கத்தில் மிதவைக் கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோல், 'ஜெட்' எனப்படும் துளை வழியாகத் தானே உறிஞ்சப்பட்டுக் காற்றோடு கலக்கிறது. எஞ்சின் இழுக்கிறது, பெட்ரோல் வருகிறது. மின்சாரம், கணக்கு எதுவும் வேண்டாம்.

மலை இந்தக் கருவியைச் சோதிப்பது இந்த இடத்தில்தான். ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய, எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்று, கடல் மட்டக் காற்றைவிட ஐந்தில் ஒரு பங்கு மெலிந்தது. எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் அதே கொள்ளளவுக் காற்றைத்தான் இழுக்கிறது. எடை மட்டும் குறைந்துபோகிறது. பெட்ரோலும் கொஞ்சம் குறையும், ஆனால் அதே அளவுக்குக் குறையாது. மேட்டுப்பாளையத்தில் சரியாக இருந்த கலவை ஊட்டியில் ஏறத்தாழ பத்து சதவீதம் பெட்ரோல் கூடியதாகிவிடும். கரும்புகையும் கரி அப்பிய பிளக்கும் அதனால்தான். சிறிய ஜெட் போட்டு, கலவைத் திருகைச் சரிசெய்தால் ஊட்டியில் வண்டி சுகமாக ஓடும். அப்புறம் அப்படியே சமவெளிக்கு இறக்கினால் பெட்ரோல் போதாமல் எஞ்சின் சூடாகும். மேலும் கீழும் போய்வருகிற வண்டிக்கு நடுவாந்தரமாக ஓர் அளவை வைத்துச் சமாளிப்பார்கள்.

இந்தச் சிக்கலுக்கும் விடையாக அமைந்தது எலெக்ட்ரானிக் ஃப்யூயல் இன்ஜெக்ஷன், அதாவது பெட்ரோலை மின்னணு முறையில் அளந்து செலுத்தும் ஏற்பாடு. 1967இல் ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் வந்த பாஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் இதைப் பரவலாக்கியது. பெயரிலுள்ள 'டி' ஜெர்மன் மொழியில் அழுத்தத்தைக் குறிக்கும் 'ட்ரூக்'. எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தைச் சென்சார் அளக்கும், அதற்கேற்பப் பெட்ரோல் போகும் நேரத்தை மின்னணுச் சுற்று நிர்ணயிக்கும். பின்னால் வந்த வண்டிகளில் புகையில் மிஞ்சும் ஆக்சிஜனையும் பார்த்துத் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு சேர்ந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏறக் கலவை தானே சரியாகிக்கொண்டே வரும். ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது: மெல்லிய காற்றில் எஞ்சினின் வலு குறைவதை இதுவும் தடுக்காது. ஆக்சிஜன் குறைவு என்றால் குறைவுதான்.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பெட்ரோல் செலுத்தும் சாதாரண மல்ட்டி-பாயின்ட் வண்டியில் டாங்குக்குள்ளிருக்கும் பம்ப், காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளுகிறது. வெயிலில் கல்லாறு ஏற்றத்தில் பெட்ரோல் ஆவியாகி நின்றுபோன பழைய வண்டிகளின் பம்ப்மீது ஈரத்துணி சுற்றும் வழக்கம் இந்த வண்டிகளுக்குத் தேவைப்படாததற்கு அதுவே காரணம்.

'இன்ஜெக்ஷன்' லத்தீனில் உள்ளே எறிவது. பாடநூல் தமிழில் 'உட்செலுத்தல்'; தவறில்லை, ஆனால் அழுத்தத்தில் சீறி வருவது அதில் தெரியவில்லை. அதைச் சொல்ல நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது: பீய்ச்சுதல். பசுவிடம் பால் பீய்ச்சுகிறோம். திருவிழாவில் தண்ணீர் அடிக்கும் பீச்சாங்குழல் அகராதியிலேயே உண்டு. எனவே பெட்ரோலைச் செலுத்தும் பாகமான இன்ஜெக்டருக்குப் 'பீய்ச்சி' என்பதே என் தேர்வு. பேச்சு வழக்கில் அதற்கு வேறொரு முகம் சுளிக்கும் பொருள் இருப்பது எனக்கும் தெரியும். பால் பீய்ச்சும்போது யாரும் முகம் சுளிப்பதில்லை.

கார்பரேட்டருக்கு 'கலப்பி'. நீளமாக வேண்டுமென்றால் 'எரிவளிக் கலப்பி'. 'கலவி' என்று மட்டும் சுருக்கிவிடாதீர்கள், அது வேறு பொருள். ஒன்று உறிஞ்சவிட்டுக் கலக்கிறது, மற்றது அளந்து பீய்ச்சுகிறது. இரண்டு பெயரையும் அருகருகே வைத்தால் இந்த வேறுபாடு கேட்கும்போதே புரிந்துவிடும். பட்டறையில் மட்டும் கார்பரேட்டர் என்றே சொல்லுங்கள், இல்லாவிட்டால் சரியான ஜெட் கைக்கு வராது.

கடைசியாக, பழக்கத்தில் வரும் ஒரு குழப்பம். இன்ஜெக்ஷன் வண்டியைப் பார்த்தும் சிலர் "கார்பரேட்டர் கிளீன் பண்ணணும்" என்கிறார்கள். அவர்கள் காட்டுவது எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் பாடி. உருவம் கார்பரேட்டர் போலவே இருக்கும், உள்ளே தகடும் திரும்பும். ஆனால் மல்ட்டி-பாயின்ட் வண்டியில் அதன் வழியே போவது காற்று மட்டும். பெட்ரோல் அதைத் தாண்டி, ஒவ்வொரு சிலிண்டரின் வாசலிலும் இருக்கும் பீய்ச்சி வழியாக வருகிறது. அங்கே கலப்பி என்று ஒன்றே கிடையாது. இன்ஜெக்ஷன் காருக்குக் 'கார்பரேட்டர் ட்யூனிங்' என்று பில்லில் எழுதியிருந்தால், எந்தப் பாகத்தில் கை வைத்தீர்கள் என்று கேளுங்கள்.